மகன் கடவுளா, படைப்பா? ஆரியுஸ் சர்ச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்தோலிக்கத் திருப்பலியிலும் தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையிலும் நிசேயா விசுவாச அறிக்கை சொல்லப்படுகிறது. அதில் தந்தையைப் பற்றிய பகுதி இரண்டு மூச்சில் முடிந்துவிடும். மகனிடம் வந்ததும் நடை மாறுகிறது. உண்மைக் கடவுளிடமிருந்து வந்த உண்மைக் கடவுள், பிறந்தவர், படைக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே பொருளானவர் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிறது. அந்த ஒவ்வொரு சொல்லும் 4ஆம் நூற்றாண்டில் மல்லுக்கட்டிப் பெற்றது. மறைக்கல்வி வகுப்புகளிலும் விவிலியக் கூட்டங்களிலும் இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். 'மகன்' என்று நான் எழுதும் இடங்களில் 'குமாரன்' என்று படித்துப் பழகியவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

சர்ச்சை எதைப் பற்றியது?

நாசரேத்து இயேசு வெறும் மனிதரா, கடவுளா என்பதுதான் சண்டை என்று பலர் எண்ணுகிறார்கள். அன்று மோதிய இரு தரப்பாருமே இயேசுவை வழிபட்டார்கள். அவர் பெயரைச் சொல்லித் திருமுழுக்குக் கொடுத்தார்கள். உலகம் உண்டாவதற்கு முன்பே அவர் இருந்தார் என்று நம்பினார்கள். ஆகவே கேள்வி இன்னும் ஆழத்தில் இருந்தது. மரியாவிடம் பிறப்பதற்கு முன்பு, உலகத்துக்கும் முன்பு தந்தையோடு இருந்த அந்த மகன், தந்தை எந்தப் பொருளில் கடவுளோ அதே பொருளில் கடவுளா? அல்லது தந்தை முதன்முதலாக உண்டாக்கிய, மற்ற எல்லாவற்றுக்கும் மேலான, ஆனாலும் உண்டாக்கப்பட்ட ஒருவரா?

கடவுள் ஒருவரே என்ற நம்பிக்கையைத் திருச்சபை இஸ்ரயேலிடமிருந்து பெற்றது. மகனைப் பாடித் தொழும் வழக்கமும் தொடக்கத்திலிருந்தே இருந்தது. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று 2, 3ஆம் நூற்றாண்டுகளிலேயே சிலர் விளக்கப் பார்த்தார்கள். தந்தை, மகன், ஆவி எல்லாம் ஒரே ஆள் வெவ்வேறு வேளைகளில் காட்டும் தோற்றங்கள் என்ற விளக்கம் சபெல்லியுஸின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. திருச்சபை அதை ஏற்கவில்லை. மகன் தந்தையை நோக்கி மன்றாடினார் என்று நற்செய்திகள் சொல்லும்போது, தன்னையே நோக்கியா மன்றாடினார்? அலெக்சாந்திரியாவின் பேரறிஞர் ஒரிஜென், மகன் என்றென்றும் தந்தையிடமிருந்து பிறந்துகொண்டே இருக்கிறார் என்றார். அதே வேளையில் தந்தைக்கு ஒரு படி கீழேதான் மகனை வைத்தார். அவருடைய சிந்தனையின் இந்த இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு பின்வந்தவர்கள் இரண்டு பக்கமாக இழுத்தார்கள்.

ஆரியுஸ் யார்?

லிபியாவிலிருந்து வந்தவர், அலெக்சாந்திரியாவில் பௌகாலிஸ் என்ற ஆலயத்தின் குரு. அரை நூற்றாண்டுக்குப் பிறகு அவரைப் பற்றி எழுதிய எப்பிபானியுஸ் அவருக்குப் பரம எதிரி. அவரே ஆரியுஸை நெடிய உருவம், தாழ்ந்த பார்வை, கையில்லாத அங்கி, கேட்பவரை ஈர்க்கும் இனிய பேச்சு என்றுதான் வருணிக்கிறார். துறவி போல வாழ்ந்தவர், விவிலியத்தை விளக்குவதில் பேர்பெற்றவர், நகரத்தில் செல்வாக்குள்ளவர். தம் கருத்தைப் பாட்டாகவும் செய்யுளாகவும் பரப்பினார். கப்பலோட்டிகளும் மாவு அரைப்பவர்களும் வழிப்போக்கர்களும் பாடும்படி பாட்டுக் கட்டினார் என்று ஒரு பழைய வரலாற்றாசிரியர் குறித்திருக்கிறார்.

318 வாக்கில் அவருக்கும் அலெக்சாந்திரியா ஆயர் அலெக்சாந்தருக்கும் மோதல் முற்றியது. எகிப்து, லிபியா ஆயர்கள் ஏறத்தாழ நூறு பேர் கூடி அவரைச் சபைநீக்கம் செய்தார்கள். அவர் அடங்கிப் போகவில்லை. கிழக்கே இருந்த நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். அவர்களில் முக்கியமானவர் அரண்மனைத் தொடர்பு நிறைந்த நிக்கொமேதியா ஆயர் எவுசேபியுஸ். இருவரும் அந்தியோக்கியாவின் மறைச்சாட்சி லூசியானுடைய மாணவர் வட்டத்தைச் சேர்ந்தவர்கள். அந்த உறவைச் சொல்லியே ஆரியுஸ் அவரை அழைக்கிறார். 'மகனுக்குத் தொடக்கம் உண்டு, கடவுளுக்குத் தொடக்கம் இல்லை என்று சொல்வதால் துன்புறுத்தப்படுகிறோம்' என்பது அக்கடிதத்தின் மையம்.

ஆரியுஸுக்கும் 'ஆரியர்' என்ற இனப் பெயருக்கும் தொடர்பு உண்டா?

இல்லை. ஆரியுஸ் என்பது ஓர் ஆளின் பெயர். 'ஆரியக் கொள்கை' என்று எழுதினால் தமிழில் வேறு எண்ணம் எழும் என்பதால் 'ஆரியுஸ் கொள்கை' என்றே எழுதுகிறேன்.

அவர் உண்மையில் என்ன போதித்தார்?

அவருடைய எழுத்தாக நமக்கு எஞ்சியிருப்பது சில கடிதங்களும், பெரும்பாலும் எதிரிகள் எடுத்துக்காட்டிய செய்யுள் துண்டுகளும்தான். அவற்றிலிருந்தே ஒரு தெளிவான உருவம் கிடைக்கிறது. கடவுள் பிறவாதவர், பிளவுபடாதவர், எவரோடும் தம் இயல்பைப் பங்கிடாதவர். மகன் கடவுளின் இயல்பிலிருந்து பிறந்தார் என்றால் கடவுள் துண்டாகிறார், உடலுள்ள பொருள் போலாகிவிடுகிறார். ஆகவே தந்தை தம் விருப்பத்தால், இல்லாமையிலிருந்து, காலங்களுக்கெல்லாம் முன்பே மகனை உண்டாக்கினார். 'அவர் இல்லாத ஒரு நிலை இருந்தது' என்பது அந்தத் தரப்பின் முழக்கம். 'காலம்' என்ற சொல்லை அதில் கவனமாகத் தவிர்த்தார்கள். ஏனென்றால் காலமே மகன் வழியாக உண்டானது.

மகனைச் சிறுமைப்படுத்துவதாக அவர் நினைக்கவில்லை. ஆயர் அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதத்தில் மகனைக் 'கடவுளின் நிறைவான படைப்பு, ஆனால் படைப்புகளில் ஒன்றைப் போன்றவர் அல்லர்' என்கிறார். அவரைக் கடவுள் என்று அழைக்கவும் தயங்கவில்லை. அந்தப் பெயர் அருளால் வந்தது என்பதே அவர் விளக்கம். ஆனால் அதே செய்யுள்களில், மகனாலும் தந்தையை உள்ளபடி முழுவதும் அறிய முடியாது என்று வருகிறது. என் பார்வையில் ஆரியுஸின் போதனை உடைகிற இடம் அதுதான். தந்தையை முழுமையாக அறியாத ஒருவரிடம் தந்தையைக் காட்டும்படி எப்படிக் கேட்பது?

விவிலியம் யார் பக்கம் இருந்தது?

இரண்டு தரப்பும் விவிலியத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சண்டையிட்டது. ஆரியுஸ் தரப்பின் வலிமையான வசனம் நீதிமொழிகள் 8:22. அங்கே ஞானம் பேசுகிறது. அன்று பயன்பாட்டிலிருந்த கிரேக்க மொழிபெயர்ப்பில் 'ஆண்டவர் தம் வழிகளின் தொடக்கமாக என்னைப் படைத்தார்' என்று இருந்தது. அந்த ஞானம் கிறிஸ்துவே என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ஆகவே அந்த ஒரு வசனம் எதிர்த்தரப்பைப் பல ஆண்டுகள் திணறடித்தது. பின்னாளில் அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியுஸ் அதற்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுத வேண்டியிருந்தது. மகன் எடுத்துக்கொண்ட மனித இயல்பைப் பற்றியே அங்கே சொல்லப்படுகிறது என்பது அவருடைய பதில். இதோடு 'தந்தை என்னைவிடப் பெரியவர்' (யோவான் 14:28), படைப்பனைத்திலும் தலைப்பேறு (கொலோசையர் 1:15), கடைசி நாளை மகனும் அறியார் (மாற்கு 13:32) என்பவையும் வரிசையில் நின்றன.

மறுதரப்பு யோவான் நற்செய்தியின் முதல் வசனத்தையும், 'நானும் தந்தையும் ஒன்றாய் இருக்கிறோம்' (10:30) என்பதையும், அனைத்தும் அவர் வழியாகவே உண்டாயின என்பதையும் முன்வைத்தது. எல்லாம் அவர் வழியாக உண்டானது என்றால், உண்டானவற்றின் பட்டியலில் அவரையே எப்படிச் சேர்ப்பது? தனி வசனங்களை எடுத்து எறிந்துகொண்டிருந்தால் இந்த வழக்கு முடியாது என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. விவிலியம் முழுவதையும் எந்தக் கோணத்திலிருந்து வாசிப்பது என்பதே வழக்காக மாறியது.

எதிர்த்தவர்கள் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருந்தார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். அலெக்சாந்தருக்குப் பின் ஆயரான அத்தனாசியுஸ் திரும்பத் திரும்பச் சொன்னவை இரண்டு.

முதலாவது, மீட்பு. பாவத்தால் அழிவை நோக்கிச் சரிந்துகொண்டிருக்கும் மனிதரை யார் தூக்க முடியும்? படைப்பு ஒன்றால் இன்னொரு படைப்பைக் கடவுளோடு இணைக்க முடியாது. அதற்கே இணைப்பு தேவைப்படுகிறதே. கடவுள் ஒரு தூதரை அனுப்பிவைத்துவிட்டுத் தொலைவில் இருந்தாரா, தாமே வந்தாரா? 'நாம் கடவுள் தன்மை பெறும்படி அவர் மனிதரானார்' என்ற அவருடைய புகழ்பெற்ற வாக்கியம் ஆரியுஸின் முழக்கத்துக்கு நேர் எதிரே நிற்கிறது.

இரண்டாவது, வழிபாடு. மத்தேயு 28:19இன்படி தந்தை, மகன், தூய ஆவி பெயரால் திருமுழுக்குக் கொடுக்கிறோம். மகன் படைப்பு என்றால், படைத்தவரின் பெயரோடு ஒரு படைப்பின் பெயரையும் சேர்த்துத் திருமுழுக்குக் கொடுக்கிறோம் என்றாகும். மகனை நோக்கி மன்றாடுவது படைப்பை வணங்குவதாகும். சிலைவழிபாடு என்று நாம் விட்டுவந்தது அதைத்தானே என்று கேட்டார் அவர். இந்தக் கேள்வியிலிருந்து ஆரியுஸ் தரப்பால் கடைசிவரை தப்ப முடியவில்லை என்றே நினைக்கிறேன். வழிபாட்டை நிறுத்த அவர்கள் துணியவில்லை. நிறுத்தாமல் அதற்குக் காரணம் சொல்லவும் அவர்களால் முடியவில்லை.

பேரரசர் இதில் ஏன் தலையிட்டார்?

கான்ஸ்டன்டைன் 324இல் லிசினியுஸை வென்று முழுப் பேரரசுக்கும் தனி ஆட்சியாளரானார். கிழக்கே வந்து பார்த்தால், தம் பேரரசை ஒட்டவைக்கும் என்று அவர் நம்பிய திருச்சபையே பிளந்து கிடந்தது. கொர்தோபா ஆயர் ஓசியுஸின் கையில் அலெக்சாந்தருக்கும் ஆரியுஸுக்கும் சேர்த்து ஒரே கடிதத்தைக் கொடுத்தனுப்பினார். சிறிய, பயனற்ற ஒரு விஷயத்துக்காகச் சண்டையிடுகிறீர்கள், சமாதானமாகப் போங்கள் என்பது அதன் சாரம். அவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதினார். ஆனால் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. கடிதம் பலிக்காததால் ஆயர்களைக் கூட்டினார். முதலில் அங்கீராவில் நடப்பதாக இருந்த கூட்டம் அரண்மனைக்கு அருகிலிருந்த நிசேயாவுக்கு மாற்றப்பட்டது. இன்றைய துருக்கியின் இஸ்னிக் நகரம் அதுவே.

நிசேயாவில் என்ன நடந்தது?

325ஆம் ஆண்டின் கோடையில் ஆயர்கள் அரசாங்க வண்டிகளில் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் 318 பேர் என்பது மரபு. ஆபிரகாமின் ஆட்கள் 318 பேர் (தொடக்கநூல் 14:14) என்பதோடு ஒத்துப்போவதால் அந்த எண் நிலைத்தது. நேரில் இருந்த செசரியா ஆயர் எவுசேபியுஸ் (நிக்கொமேதியா எவுசேபியுஸ் வேறு ஒருவர்) 250க்கு மேல் என்கிறார். அத்தனாசியுஸ் ஏறத்தாழ 300 என்கிறார். உரோமை ஆயர் சில்வெஸ்தர் வரவில்லை, இரண்டு குருக்களை அனுப்பினார். பெரும்பான்மையினர் கிரேக்கம் பேசும் கிழக்கத்தியர்.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை இதே பேரரசு அவர்களை வேட்டையாடியது. 303இல் தொடங்கிய துன்புறுத்தலின் தழும்புகளோடு பலர் அவைக்கு வந்தார்கள். எகிப்தின் பாப்னூசியுஸுக்கு ஒரு கண் இல்லை. நெயோசெசரியாவின் பவுலுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் இரண்டு கைகளும் முடங்கியிருந்தன. பாப்னூசியுஸின் கண் இருந்த குழியைப் பேரரசர் முத்தமிட்டார் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பேரரசருக்குப் பயந்து எதற்கும் தலையாட்டும் கூட்டம் அது என்று யாராவது சொல்லும்போது எனக்கு இந்த இருவரும் நினைவுக்கு வருகிறார்கள்.

விவிலியச் சொற்களை மட்டும் கொண்டே ஓர் அறிக்கை எழுத முதலில் முயன்றார்கள். மகன் 'கடவுளிடமிருந்து வந்தவர்' என்று எழுதலாமா? எல்லாமே கடவுளிடமிருந்துதானே வந்தது என்று ஆரியுஸின் ஆதரவாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். 'கடவுளின் வல்லமை' என்றால்? வெட்டுக்கிளிகளும் கடவுளின் வல்லமை என்று விவிலியத்தில் இருக்கிறதே. ஒவ்வொரு சொல் முன்வைக்கப்படும்போதும் அவர்கள் ஒருவரோடொருவர் முணுமுணுத்து, கண்ஜாடை காட்டிக்கொண்டார்கள் என்கிறார் இளம் திருத்தொண்டராக உடன் வந்திருந்த அத்தனாசியுஸ். அவர் ஒரு தரப்பின் சாட்சி என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் சிக்கல் உண்மையானது: எந்த விவிலியச் சொல்லையும் இரண்டு விதமாக வாசிக்க முடிந்தது. அதனால்தான் ஆரியுஸால் ஏற்கவே முடியாத ஒரு சொல்லைத் தேடினார்கள். 'ஒரே பொருளானவர்', அதாவது ஒரே உள்ளியல்பு கொண்டவர் என்று அர்த்தம் தரும் 'ஹோமோஊசியோஸ்' அப்படி உள்ளே வந்தது.

லிபியா ஆயர்கள் தெயோனாஸ், செகுந்துஸ் இருவர் மட்டும் கடைசிவரை மறுத்து ஆரியுஸோடு நாடுகடத்தப்பட்டார்கள். இதே சங்கத்தில்தான் உயிர்ப்புப் பெருவிழாவின் நாள் பற்றிய முடிவும் 20 ஒழுங்குச் சட்டங்களும் வந்தன.

நிசேயாவில் வாக்கெடுப்பு நடத்தி இயேசுவைக் கடவுளாக்கினார்கள் என்கிறார்களே?

நாவல்களாலும் திரைப்படங்களாலும் பரவிய கதை இது. 112 வாக்கில் ஆளுநர் பிளினி பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்திலேயே, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி 'கிறிஸ்துவுக்குக் கடவுளுக்குப் பாடுவதுபோல்' பாட்டுப் பாடுகிறார்கள் என்று இருக்கிறது. பிளினி கிறிஸ்தவர் அல்லர். அவர்களை விசாரித்துத் தண்டித்த அதிகாரி. நிசேயாவுக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முந்திய சாட்சி அது. நிசேயா அந்த வழிபாட்டை உண்டாக்கவில்லை, அதற்குப் பொருள் சொன்னது.

விவிலிய நூல்களைத் தேர்ந்தெடுத்தது நிசேயாதானா? புனித நிக்கோலாஸ் ஆரியுஸை அறைந்தது?

இரண்டும் இல்லை. விவிலிய நூல்களின் பட்டியல் அங்கே முடிவாகவில்லை. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்றுள்ளபடி பட்டியலிட்டது 367இல் அத்தனாசியுஸ் எழுதிய உயிர்ப்பு விழாக் கடிதம். நிக்கோலாஸ் அறைந்த கதை பல நூற்றாண்டுகள் கழித்து முளைத்தது.

'ஒரே பொருளானவர்' என்ற சொல்லை நல்லவர்களும் ஏன் வெறுத்தார்கள்?

காரணங்கள் வலுவானவை. அது விவிலியத்தில் இல்லை. உடலுள்ள பொருள்களைப் பிரித்துப் பங்கிடுவதுபோல் ஒலித்தது. 268இல் அந்தியோக்கியாவில் சமோசாத்தா பவுலைக் கண்டித்த சங்கம் இதே சொல்லை ஒதுக்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தந்தையும் மகனும் ஒரே ஆள் என்ற சபெல்லியுஸ் கொள்கைக்குப் பின்வாசல் திறந்துவிடுமோ என்ற அச்சம் இருந்தது. அந்த அச்சத்துக்கு முகாந்திரம் உண்டு: நிசேயாவை உரத்து ஆதரித்த அங்கீரா ஆயர் மர்செல்லுஸின் போதனை கிட்டத்தட்ட அங்கேதான் போய் நின்றது. அறிக்கையில் கையெழுத்திட்ட செசரியா எவுசேபியுஸ், ஏன் கையெழுத்திட்டேன் என்று தம் சபைக்குச் சங்கடத்தோடு ஒரு நீண்ட கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஆகவே நிசேயாவை எதிர்த்தவர் எல்லாரும் ஆரியுஸின் சீடர்கள் என்று எண்ணக் கூடாது. அப்படி முத்திரை குத்தியது பெரும்பாலும் அத்தனாசியுஸின் பேனா.

325ஓடு சண்டை முடிந்ததா?

அப்போதுதான் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே கான்ஸ்டன்டைன் மனம் மாறினார். ஆரியுஸ் மழுப்பலான ஓர் அறிக்கையைக் கொடுத்ததும் அவரைத் திரும்ப அழைத்தார்; நாடுகடத்தப்பட்டிருந்த நிக்கொமேதியா எவுசேபியுஸும் செல்வாக்கோடு திரும்பினார். 337இல் மரணப் படுக்கையில் பேரரசருக்குத் திருமுழுக்குக் கொடுத்தவரே அவர்தான். நிசேயாவைக் கூட்டிய பேரரசர் நிசேயாவின் எதிரி கையால் திருமுழுக்குப் பெற்றார்! அரசர் கட்டளையால் பிறந்த கோட்பாடு இது என்று சொல்பவர்கள் இந்த ஒன்றுக்கு மட்டுமாவது விளக்கம் தர வேண்டும். அடுத்து வந்த கான்ஸ்டன்ஷியுஸும் வாலென்ஸும் நிசேயாவை நசுக்கவே பார்த்தார்கள்.

ஆரியுஸ் 336இல் கான்ஸ்டான்டிநோபிளில், திருச்சபையில் மீண்டும் சேர்க்கப்படவிருந்த தறுவாயில், திடீரென இறந்தார். பொதுக் கழிப்பிடத்தில் குடல் சரிந்து இறந்தார் என்று அத்தனாசியுஸ் எழுதினார். அந்தக் கதையைச் சில பிரசங்கிகள் இன்றும் சுவைத்துச் சொல்கிறார்கள். ஒரு முதியவரின் சாவை இறையியல் வாதமாக்குவது எனக்குச் சற்றும் ஒப்பவில்லை. நிசேயாவின் உண்மைக்கு அந்தச் சான்று தேவையும் இல்லை.

அத்தனாசியுஸ் புனிதரா, போக்கிரியா?

328 முதல் 373 வரை ஆயர். ஐந்து முறை நாடுகடத்தப்பட்டு ஏறத்தாழ 17 ஆண்டுகளை திரியரிலும் உரோமையிலும் எகிப்தின் பாலைவனத் துறவியரிடையேயும் கழித்தார். 335இல் தீர் நகரச் சங்கத்தில் அவர்மீது கொலைக்குற்றமே சாட்டப்பட்டது. அர்சேனியுஸ் என்ற ஆயரைக் கொன்று, மாந்திரீகத்துக்காகக் கையை வெட்டிக்கொண்டார் என்று வெட்டிய கை ஒன்றையே காட்டினார்களாம். அத்தனாசியுஸ் போர்வை போர்த்திய ஒருவரை உள்ளே அழைத்துவந்து முகத்தைக் காட்டினார்: அர்சேனியுஸ் உயிரோடு நின்றார். பிறகு போர்வையை விலக்கி ஒரு கையைக் காட்டினார். சற்றுப் பொறுத்து இன்னொரு கையையும் காட்டிவிட்டு, மூன்றாவது கையை எங்கிருந்து வெட்டினேன் என்று சொல்லுங்கள் என்று கேட்டதாக வரலாற்றாசிரியர் சோக்ரடீஸ் விவரிக்கிறார்.

ஆனால் அதே ஆண்டைச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் கடிதம் 20ஆம் நூற்றாண்டில் வெளியிடப்பட்டது. அவருடைய ஆதரவாளர்கள் அலெக்சாந்திரியாவில் எதிர்த்தரப்பினரை அடித்து நொறுக்கியதை அடிபட்ட தரப்பைச் சேர்ந்த ஒருவர் அதில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு எல்லாம் எதிரிகளின் பொய் என்று தள்ளிவிட முடியவில்லை. மகனைப் பற்றி அவர் கண்டது சரி என்று முழு மனதோடு நம்புகிறேன். அதற்காக அவர் ஆட்கள் ஓங்கிய தடியையும் சரி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரே ஓர் எழுத்துக்காகவா உலகம் பிளந்தது?

'ஹோமோஊசியோஸ்' என்றால் ஒரே பொருள். 'ஹோமொய்ஊசியோஸ்' என்றால் ஒத்த பொருள். கிரேக்கத்தில் 'அயோட்டா' என்ற ஒரு சிறு எழுத்துதான் வேறுபாடு என்று கேலி செய்வது வழக்கம். உண்மை நிலை வேறு. 357இல் சிர்மியத்தில் கூடிய ஆயர்கள் 'பொருள்' என்ற பேச்சே கூடாது என்று தடைசெய்து, தந்தை எல்லா வகையிலும் பெரியவர் என்று அறிவித்தார்கள். அந்தியோக்கியாவில் ஏத்தியுஸும் அவர் மாணவர் எவுனோமியுஸும் இன்னும் ஒரு படி மேலே போய், மகன் தந்தையை ஒத்தவரே அல்லர் என்று வாதிட்டார்கள். இதைக் கண்டு அதிர்ந்துபோய், அடுத்த ஆண்டே 'ஒத்த பொருள்' தரப்பு எழுந்தது. அத்தனாசியுஸ் அவர்களைப் பகைவர்களாக நடத்தவில்லை. நாம் சொல்வதையே சொல்லும் சகோதரர்கள், சொல்லில் மட்டும் தயங்குகிறார்கள் என்று எழுதினார். அந்த ஓர் எழுத்து பிளந்ததைவிடச் சேர்த்ததே அதிகம்.

பிளவை ஆழமாக்கியது பேரரசரின் அவசரம். 359இல் கான்ஸ்டன்ஷியுஸ் மேற்கே அரிமினத்தில் 400க்கும் மேற்பட்ட ஆயர்களையும் கிழக்கே செலூசியாவில் ஏறத்தாழ 160 பேரையும் கூட்டினார். எதை எந்த வகையில் என்று சொல்லாமல், மகன் தந்தையை 'ஒத்தவர்' என்று மட்டும் எழுதிய அறிக்கையில் கையெழுத்துக் கேட்டார். மறுத்தவர்களை ஊர்திரும்ப விடவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து களைத்துப்போய் அவர்கள் கையெழுத்திட்டார்கள். 'உலகமே முனகியது, தான் ஆரியுஸ் தரப்பாகிவிட்டதைக் கண்டு வியந்தது' என்று பின்னர் எழுதினார் எரோணிமுஸ்.

சாதாரண மக்களுக்கு இதில் அக்கறை இருந்ததா?

நிசா ஆயர் கிரகோரியார் கான்ஸ்டான்டிநோபிள் தெருக்களைப் பற்றி ஓர் உரையில் சொன்னதைப் பாருங்கள். சில்லறை கேட்டால் பிறந்தவர், பிறவாதவர் என்று தத்துவம் பேசுகிறார்கள். ரொட்டி என்ன விலை என்றால், தந்தை பெரியவர், மகன் அவருக்குக் கீழானவர் என்று பதில் வருகிறது. குளிக்க வெந்நீர் தயாரா என்றால், மகன் இல்லாமையிலிருந்து உண்டானவர் என்கிறார்கள். அவர் எரிச்சலோடு சொல்கிறார். எனக்கோ அந்த ரொட்டிக்காரர்மேல் மதிப்புத்தான் வருகிறது. தான் யாரை வணங்குகிறோம் என்பது அவருக்கு முக்கியமாக இருந்திருக்கிறது.

386இல் மிலான் நகரில் பேரரசரின் தாய் யுஸ்தீனா, ஆரியுஸ் தரப்பினருக்காக ஓர் ஆலயத்தைக் கேட்டார். ஆயர் அம்புரோசியார் மறுத்தார். படைவீரர்கள் சூழ, மக்கள் ஆலயத்துக்குள்ளேயே இரவும் பகலும் தங்கினார்கள். சோர்வு தெரியாமலிருக்க அம்புரோசியார் அவர்களுக்குப் பாட்டுக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூட்டத்தில் அகுஸ்தீனாரின் தாய் மோனிக்காவும் இருந்தார். மேற்குத் திருச்சபையின் பாடல் மரபு அந்த இரவுகளிலிருந்து வளர்ந்தது.

கடைசியில் எப்படித் தீர்ந்தது?

சிந்தனையால் பாதி, அரச ஆணையால் பாதி. 362இல் அலெக்சாந்திரியாவில் அத்தனாசியுஸ் ஒரு சிறு சங்கம் கூட்டினார். கடவுளில் ஒரு 'ஹிப்போஸ்தாசிஸ்' (சிலர் 'பொருள்' என்றும் சிலர் 'ஆள்' என்றும் புரிந்துகொண்ட கிரேக்கச் சொல்) என்பவர்களையும் மூன்று என்பவர்களையும் எதிரெதிரே உட்காரவைத்து, என்ன பொருளில் சொல்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். இரு தரப்பும் ஒன்றையே நம்பியது தெரியவந்தது. பல பத்தாண்டுகளாக யாரும் செய்யாத எளிய காரியம் அது.

அதன்மேல் கட்டியவர்கள் கப்பதோக்கியாவின் மூவர்: பசிலியார், அவர் தம்பி நிசா கிரகோரியார், நண்பர் நசியான்சு கிரகோரியார். பொருள் ஒன்று, ஆள்கள் மூவர் என்று சொற்களைத் தெளிவாக்கினார்கள். பிறவாமைதான் கடவுளின் இயல்பு, பிறந்த மகன் ஆகவே கடவுள் அல்லர் என்பது எவுனோமியுஸின் கூரான வாதம். பிறவாமை தந்தையின் இயல்பைச் சொல்லவில்லை, மகனோடு அவருக்குள்ள உறவைச் சொல்கிறது என்று இவர்கள் பதில் சொன்னார்கள். கடவுளின் இயல்பு எந்தச் சொல்லுக்கும் பிடிபடாது என்று சேர்த்தும் சொன்னார்கள். ஆரியுஸ் காக்க விரும்பிய கடவுளின் அளவிடமுடியாத மேன்மை இங்கேதான் முழுமையாகக் காக்கப்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

378இல் அட்ரியநோபிள் போரில் வாலென்ஸ் மாண்டார். மேற்கிலிருந்து வந்த தெயோதோசியுஸ் 380இல் நிசேயா நம்பிக்கையைச் சட்டமாக்கினார். தலைநகரின் ஆலயங்களெல்லாம் மறுதரப்பிடம் இருக்க, அனஸ்தாசியா என்ற சிறு வீட்டாலயத்தில் போதித்துவந்த நசியான்சு கிரகோரியார் படைக்காவலோடு பெரிய ஆலயத்துக்கு அழைத்துச்செல்லப்பட்டார். 381இல் ஏறத்தாழ 150 ஆயர்கள் கான்ஸ்டான்டிநோபிளில் கூடி முடிவை உறுதிசெய்தார்கள். வாதத்தில் வென்றுகொண்டிருந்த தரப்புக்கு வாளின் துணை கிடைத்தது எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. மாற்றுக் கருத்தைக் குற்றமாக்கும் பழக்கம் அந்தச் சட்டத்தோடு வேரூன்றியது.

நாம் இன்று சொல்வது 325இன் அறிக்கையா?

இல்லை. 325இன் அறிக்கை 'தூய ஆவியையும் நம்புகிறோம்' என்று நின்றுவிட்டு, ஆரியுஸின் முழக்கங்களைச் சொல்பவர்கள்மேல் சாபத்தோடு முடிகிறது. தூய ஆவி ஆண்டவர், உயிரளிப்பவர், தந்தையோடும் மகனோடும் தொழப்படுபவர் என்ற பகுதி 381ஐச் சேர்ந்தது. ஆவியானவர் மகனிடமிருந்தும் புறப்படுகிறார் என்பது மேற்குத் திருச்சபை பின்னாளில் சேர்த்தது. கிழக்குத் திருச்சபைகள் அதை இன்றும் ஏற்கவில்லை.

தோற்ற பிறகு ஆரியுஸ் தரப்பு என்னவாயிற்று?

பேரரசின் எல்லைக்கு வெளியே நீண்ட காலம் வாழ்ந்தது. கோத்தர் என்ற செருமானிய இனத்தாரிடையே பணிசெய்த ஆயர் உல்ஃபிலா அவர்கள் மொழிக்கு எழுத்து வடிவம் அமைத்து விவிலியத்தை மொழிபெயர்த்தார். ஏற்கெனவே போர்வெறி மிகுந்த மக்களுக்கு இது வேண்டாம் என்று 'அரசர்கள்' என்ற பெயருள்ள விவிலிய நூல்களை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டாராம். அவர் மகனைத் தந்தைக்குக் கீழ்ப்படுத்திய தரப்பைச் சேர்ந்தவர். கோத்தர், வண்டாலர் எனப் பல இனங்கள் அந்த வடிவிலேயே கிறிஸ்தவத்தை ஏற்றன. இத்தாலியின் ரவென்னாவில் கோத்த அரசர் தெயோதோரிக் கட்டிய ஆலயத்தின் சுவரில் அரண்மனைச் சித்திரம் ஒன்று உண்டு. ஆலயம் கைமாறியபோது அதிலிருந்த ஆள்களை அகற்றித் திரைச்சீலைகளால் நிரப்பினார்கள். ஆனால் தூண்களின்மேல் படிந்த சில கைகள் அகற்றப்படாமல் நின்றுவிட்டன. ஸ்பெயினில் அரசர் ரெக்காரெது 589இல் தொலேதோ சங்கத்தில் நிசேயா நம்பிக்கையை ஏற்றார்.

யெகோவாவின் சாட்சிகள் இன்றைய ஆரியுஸ் தரப்பா?

வீட்டுக் கதவைத் தட்டி அவர்கள் பேசிவிட்டுப் போன பிறகு பலர் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். மகன் கடவுளின் முதல் படைப்பு என்பதில் ஒற்றுமை உண்டு. அவர்கள் காட்டும் வசனங்கள் பலவும் மேலே சொன்னவைதான். ஆனால் அவர்கள் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தோன்றியவர்கள். பழைய தரப்போடு அறுபடாத தொடர்ச்சி இல்லை. இயேசுவை அதிதூதர் மிக்கேலோடு ஒன்றாக்குவதும் தூய ஆவியை ஆளற்ற ஆற்றல் என்பதும் ஆரியுஸ் சொல்லாதவை. இயேசுவை நோக்கி மன்றாடுவதையும் அவர்கள் தவிர்க்கிறார்கள். அந்த வகையில், மகன் படைப்பு என்றால் அவரை வணங்கக் கூடாது என்ற முடிவுக்கு அவர்கள் துணிந்து போயிருக்கிறார்கள். அவர்களோடு பேச உட்காரும்போது யோவான் 14:28இல் தொடங்காதீர்கள்; அங்கே இரண்டு பக்கமும் பதில்களை மனப்பாடமாக வைத்திருக்கும். யோவான் 20:28இல் தோமா உயிர்த்த இயேசுவைப் பார்த்து 'நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்' என்கிறார். இயேசு அவரைத் திருத்தவில்லை. அங்கிருந்து தொடங்குங்கள்.